இடது கையால் வெட்டிய சீட்டு

சீட்டில் ஒற்றைக்காலில் நிற்பவர் நடராஜர் இல்லை என்று கலியாணசுந்தரத்துக்குத் தெரியவரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தரையில் தோண்டிப் போட்ட குழித்தறியில் உட்கார்ந்தபடி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு, யாரோ ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடித்து, தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு ஆடுவதாகத்தான் தெரிந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி யாராக இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார். அவரும் போட்டுக்கொண்டார். மார்த்தா என்கிற அந்த வெள்ளைக்காரப் பெண்மணி சீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மரத்தில் ஒருவனை ஒற்றைக்காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"சாமி இல்லியாம்ணே. தொங்கறவனாம்," என்றான் சிட்டிபாபு.

சிட்டிபாபு அடுத்த வீட்டுக்காரன். கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டுவது அவன் தொழில். அவனுடைய இங்கிலீஷ் அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். மார்த்தாவை அவன்தான் அழைத்துவந்தான். டாரட் என்கிற ஜோசியச் சீட்டு அவளிடம் இருந்தது. அந்தச் சீட்டுக்கட்டைப் பட்டுத்துணியில்தான் சுற்றி வைக்க வேண்டுமாம், துண்டு கிடைக்குமா என்று கேட்டு வந்திருந்தாள். கலியாணசுந்தரம் மிச்சத் துண்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை, பதிலுக்குச் சீட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

கலியாணசுந்தரம் உடனே ஒத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக மகள் கலாவதிக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. இப்போதுதான் செவிலிமேட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏகாம்பரநாதர் கோயில் கோபுர வாசலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. இதுவும் தட்டிப்போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று அவர் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் முந்தானை இழைகளை உடல் இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்திருக்கக் கூடாத வேலை. கையெல்லாம், இழை வழுக்காமல் இருக்கத் தொட்டுக்கொள்ளும் சாம்பல். சீட்டைத் தொட்டால் அழுக்காகிவிடும்.

"மங்கை, நீ உக்காரு. கலாவதி கல்யாணத்தை நெனச்சிக்கோ," என்றார் மனைவியிடம்.

மங்கையர்க்கரசி ஈரக்கையை நூல்புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சீட்டைக் கலைத்துவிட்டு, கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, இடது கையால் சீட்டுக்கட்டை வெட்ட வேண்டும், வெட்டுகிறவர் மனதுக்குத்தான் சீட்டு பதில் சொல்லும் என்று மார்த்தா விளக்கினாள். மூன்று சீட்டு. முதலாவது நடந்தது, இரண்டாவது நடப்பது, மூன்றாவது நடக்கப்போவது. மங்கையர்க்கரசி கண்ணை மூடி, உதட்டை அசைத்து, வெட்டினாள்.

அப்படி வந்த முதல் ஆள்தான் அந்தத் தொங்குகிறவன். சாவு இல்லை, வெகுநாளாக நகராமல் நிற்கிற காரியம் என்று மார்த்தா பொருள் சொன்னாள். மங்கையர்க்கரசி பெருமூச்சு விட்டாள். கலியாணசுந்தரமும் விட்டார். இரண்டு வருஷமாக நகராத காரியம்தானே.

இரண்டாவது சீட்டைப் புரட்டியதும் அவர் இழை முறுக்குவதை நிறுத்திவிட்டார். உயரமான கோபுரம். அதன் தலையில் இடி விழுகிறது. உச்சியிலிருந்து கலசம் போல் ஏதோ பிய்த்துக்கொண்டு போகிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தலைகுப்புற விழுகிறார்கள். போட்டுவைத்த திட்டம் ஒன்று சரியும், அதற்குப் பிறகுதான் வழி பிறக்கும் என்று மார்த்தா சொன்னது அவர் காதில் விழவேயில்லை. கோபுரம், ஆண், பெண், வெள்ளிக்கிழமை, இது போதாதா?

மூன்றாவது சீட்டில் கிரீடம் வைத்த ஒரு பெண் பூப்போட்ட உடையில் கம்பீரமாக அமர்ந்திருந்தாள். கேட்டது கைக்கு வரும் என்றாள் மார்த்தா. கலியாணசுந்தரத்துக்கு அது சாட்சாத் அம்மனாகத்தான் தெரிந்தது. பதற்றத்தில், இன்னொரு தடவை பார்க்கச் சொல்லு என்றார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சீட்டுக்கு மரியாதை இல்லை என்று அவள் கட்டைப் பட்டில் சுற்றிவிட்டாள்.

வேலை முடிந்த கையோடு சிட்டிபாபுவை டவுன் பஸ்ஸில் செவிலிமேட்டுக்கு அனுப்பினார். கோயில் வேண்டாம், வீட்டிலேயே பெண் பார்க்கலாம் என்று சொல்லிவரச் சொன்னார். போனவன் தொங்கின முகத்தோடு திரும்பினான். மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணவேணி, கோயில் வரைக்கும் வராத பெண்ணுக்குக் காலில் ஏதாவது கோளாறா என்று கேட்டாளாம்.

காலா? அந்தத் தொங்குகிறவனை ஒற்றைக்காலில்தானே கட்டியிருந்தது? கலியாணசுந்தரம் சிட்டிபாபுவை உட்காரவே விடவில்லை. பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக நடப்பாள் என்று சொல்லிவிட்டு வா என்று மறுபடி துரத்தினார். சிட்டிபாபுவுக்கு எதையும் உள்ளபடி சொல்லிப் பழக்கமில்லை. நடப்பதென்ன, பந்தயத்தில் ஓடுவாள், சுவரேறிக்கூடக் குதிப்பாள் என்று சொல்லிவிட்டு வந்து நின்றான்.

"சுவரேறி குதிக்கிற பொண்ணு எந்த வீட்டுக்கு குதிச்சிக்கினு போச்சுன்னு கேட்டாங்கண்ணே. நான் பஸ் வந்துச்சுன்னு ஓடியாந்துட்டேன்."

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மங்கையர்க்கரசி மட்டும் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. கூடவே கொஞ்சம் ஊறுகாய் வைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அம்மன் பட்டுடுத்தி வந்து உட்கார்ந்தது எதற்கு? பட்டு கேட்கத்தான். கலாவதி கல்யாணத்துக்கென்று அவரே பார்த்துப் பார்த்து நெய்து பெட்டியில் வைத்திருந்த மாம்பழ நிறப் புடவையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை தெருமுனை அம்மன் கோயிலில் குருக்கள் அந்தப் புடவையை அம்மனுக்குச் சாத்தினார். மனைவி பக்கத்தில் நிற்க, கலியாணசுந்தரம் கண்ணை மூடிக் கும்பிட்டார். திறந்தபோது எதிரில் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தவளை, தெருவில் யாரோ இங்கே அனுப்பியிருந்தார்கள்.

"எந்தப் புடவைங்க இது?" என்றாள்.

அம்மன் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது என்றார்.

"கல்யாணப் புடவையையே குடுத்துட்டீங்கன்னா கல்யாணம் வேணாம்னுதான அர்த்தம்? அத நேரா சொல்லியிருக்கலாமே."

கலியாணசுந்தரம் உடைந்துபோனார். தொங்குகிறவன், இடி விழுந்த கோபுரம், பட்டு கேட்ட அம்மன் என்று ஒன்று விடாமல், கண்ணில் நீரோடு கொட்டித் தீர்த்தார். கிருஷ்ணவேணி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த நேரம் பார்த்து, அவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வந்த தேங்காயை எடுத்துக்கொண்டு கலாவதி வேகுவேகென்று நடந்துவந்தாள். கிருஷ்ணவேணி அவள் காலையே பார்த்தாள்.

"நல்லாத்தான் நடக்குது. பொண்ணு மேல இவ்ளோ உசிர வெச்சிருக்கிற மனுசன் எம்புள்ளையையும் நல்லா பாத்துக்குவாரு. வர்ற முகூர்த்தத்துல தாம்பூலம் மாத்திக்கலாம்," என்றாள்.

கலியாணசுந்தரம் அம்மனைப் பார்த்து இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அர்ச்சனை முடிந்து குருக்கள் புடவையை மடித்துப் பூவோடு கொண்டுவந்தார். கலாவதி கை நீட்டினாள். குருக்கள் தலையை ஆட்டினார். அம்மன் உடுத்திக் கழித்ததை வீட்டுச் சுமங்கலிதான் கட்ட வேண்டும், இனி வேறு யாருக்கும் ஆகாது என்று மங்கையர்க்கரசி கையில் வைத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மகளுக்கு இனி வேறு புடவை நெய்தாக வேண்டும். அதுகூட இப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வெள்ளைக்காரியின் சீட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். வந்த சம்பந்தம் உடையும் என்று பயமுறுத்தியது, கடைசியில் எல்லாம் பொய்.

"சீட்டு பொய் சொல்லலீங்க," என்றாள் மங்கையர்க்கரசி, மடிப்புக் கலையாமல் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு. "பட்டு நெய்யறவருக்கு வாக்கப்பட்டு இத்தினி வருசமாச்சே, எனக்குன்னு ஒரு பட்டுப்புடவை வருமான்னுதான் நான் நெனச்சிக்கினு வெட்டுனேன்."