தண்ணி கட் நாள்ல ஒரு வானவில்

வெள்ளிக்கிழமை. ஸ்கூல் லீவு. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வானவில் எப்படி வருதுன்னு என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் விளக்கணும். பெரியவளுக்கு லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்.

மனைவி பண்டமாரான்ல இருக்கற அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது ஒண்ணுதான் சொன்னா. "கிள்ளான் முழுக்க தண்ணி கட். வாசல்ல மூணு பெரிய பிளாஸ்டிக் தோங் நிறைய தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். தொட்டுடாதீங்க."

"நான் எதுக்குமா தொடப் போறேன்?"

அப்போ உண்மையாத்தான் சொன்னேன்.

மத்தியானம் செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலோட ஆரம்பிச்சேன். "சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னால இருக்கணும். தண்ணி முன்னால இருக்கணும்."

"சூரியன் தலைக்கு மேலல்ல இருக்கு?"ன்னா சின்னவ.

சரின்னு அஞ்சு மணி வரைக்கும் காத்திருந்தோம். சூரியன் ஒழுங்கா பின்னால வந்து நின்னுச்சு. பாட்டில்தான் காறிக் காறித் துப்புச்சு. "பரவால்லப்பா, யூடியூப்ல பாத்துக்கறேன்"ன்னா பெரியவ. வந்துச்சே எனக்கு ரோஷம்! சயின்ஸ் ஸ்ட்ரீம் படிச்சவன் லா நானு!

கார் கழுவுற பம்ப்பை ஒரு தோங்குக்குள்ள விட்டேன். சர்ர்ர்! வந்துருச்சு வானவில்! பிள்ளைங்க கத்துன கத்துல எனக்குத் தலைகால் புரியல. ரெண்டாவது தோங்குக்கும் போயிட்டேன். "வெளிச்சம் துளிக்குள்ள போய் வளைஞ்சு, மோதித் திரும்பி வரும்போது கலர் கலராப் பிரியுது"ன்னு விளக்கம் வேற.

பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பாத்தாங்க. "ஐயோ, தண்ணி வந்துருச்சா!" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க தாமான் குடியிருப்பு வாட்சப் குரூப்ல போட்டுட்டாங்க.

கொஞ்ச நேரத்துல கேட்டுக்கு வெளிய வாளியோட ஒரு கூட்டம். "அண்ணே, எங்க பைப்புல காத்துதான் வருது. உங்களுக்கு மட்டும் எப்படி?"

எதிர் வீட்டு அங்கிள் நேராவே கேட்டுட்டாரு. "திருட்டு கனெக்‌ஷனா?"

"இல்ல அங்கிள், வானவில்..."

அவருக்கும் முதல்லேர்ந்து விளக்கினேன். நம்பல. கண்ணால பாக்கணும்னாரு. மானப் பிரச்சனையாச்சே! காட்டினேன். மூணாவது தோங்கும் காலி.

அந்த நேரம் பாத்து மனைவி கார்ல வந்து இறங்கினா. தலையிலேர்ந்து நல்லெண்ணெய் வழியுது. "தண்ணி வந்துருச்சுன்னு குரூப்ல பாத்தேன். வெள்ளிக்கிழமையாச்சேன்னு அக்கா தலை நிறைய எண்ணெய் வச்சு விட்டுட்டா. அங்கயும் தண்ணி இல்ல. முதல்ல குளிக்கணும்."

அங்கிள் நைசா நழுவிட்டாரு. மனைவி மூணு தோங்கையும் ஒவ்வொண்ணா எட்டிப் பாத்தா.

சின்னவதான் பேசினா. "அம்மா, உங்க தலை பளபளன்னு மின்னுது! இதுலயும் வானவில் வருமா?"

மனைவி என் மேல வச்ச கண்ணை எடுக்கவே இல்ல.

"வரும்டி. ஆனா அதுக்குத் தண்ணி வேணும்."