வியாகுலம் பெரியம்மாவுக்கு அடித்த மணி

உயிரோடு இருப்பவரைச் செத்துவிட்டதாக ஊருக்கு அறிவிக்கப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று நினைக்காதீர்கள். பயந்தாங்கொள்ளியாக இருந்தாலே போதும். இருபத்திரண்டு வயதில் நான் அதைச் செய்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். கடற்கரையில் பிறந்தும் கட்டுமரத்தில் கால் வைத்தால் எனக்கு வாந்தி வரும். (படிக்கவாவது செய்தேனா என்றால், பள்ளி இறுதித் தேர்வு என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது.) நாகர்கோவிலில் கடை கடையாக வேலை கேட்டு ஏறி இறங்கியதில் கால் வலித்ததுதான் மிச்சம். அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கடலுக்கும் ஆவாது, கரைக்கும் ஆவாது. கோயிலுக்காவது ஆவுதான்னு போய்ப் பாரு."

அப்படித்தான் எங்கள் பங்குக் கோயிலின் இரக்கசபையில் சேர்ந்தேன். வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தனியாகக் கிடக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டி வாங்க வக்கில்லாதவர் இறந்தால், கோயிலின் பொதுப்பெட்டியைச் சுமந்து போக வேண்டும். அது கறுப்புச் சாயம் பூசிய ஒரு சவப்பெட்டி. கல்லறை வரை ஆளை அதில் கொண்டுபோய், பாயோடு குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்போம், அடுத்தவருக்கு வேண்டுமே. அதைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும். ஊருக்குத் தொண்டு செய்ய வந்தவன் அதை வெளியே சொல்ல முடியுமா?

தனியாக நான் பார்க்கப்போன முதல் நோயாளி வியாகுலம் பெரியம்மா. அறுபது தாண்டிய விதவை, பிள்ளை குட்டி இல்லை. பனங்காட்டுக்கு அப்பால் ஒற்றை ஓலைவீட்டில் ஒரு வாரமாகக் காய்ச்சலாய்க் கிடந்தாள். பங்குச் சாமியார் சொன்னபடி அரிசிப் பொட்டலத்தோடு உச்சிவேளையில் புறப்பட்டேன். ஆண்கள் கடலில், பெண்கள் சந்தையில். வழியில் ஒரு நாய்கூட இல்லை. பனையோலை உரசுவது பின்னால் யாரோ நடந்து வருவதுபோலக் கேட்டது. மூன்று முறை திரும்பிப் பார்த்தேன், மூன்று முறையும் யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

கதவைத் தள்ளினேன். கட்டிலில் பெரியம்மா மல்லாந்து கிடந்தாள். வெளுத்த வெள்ளைச் சேலை, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, நெஞ்சில் சிலுவை. தலைமாட்டில் மண்சட்டிக்குள் இரண்டு மெழுகுதிரி எரிந்தன. வாய் திறக்காமல் இருக்கத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் துணி முடிந்திருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் இன்னொரு துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. நான் திறந்த கதவு வழியே காற்று புகுந்து திரி ஆடியதும், அவள் உதட்டில் நிழல் அசைந்தது. சிரித்ததுபோல இருந்தது.

நாடி பிடித்துப் பார், மூச்சுப் பார் என்றெல்லாம் சபையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றபடியே இரண்டையும் பார்த்து முடித்தேன். "பெரியம்மா" என்று கூப்பிடவும் செய்தேன், எனக்கே கேட்காத குரலில். பிறகு ஓடினேன்.

கோயிலில் மணியடிக்கிற சூசையண்ணனிடம் திரி, தாடைக்கட்டு, விரல்கட்டு என்று பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துக்கமணி அடித்தார். எங்கள் ஊரில் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. பெண்ணுக்கு உள்ளதை அடித்து முடித்துப் பெட்டியின் முன்பக்கத்தை அவர் தலையில் வைத்துக்கொண்டார், பின்பக்கம் என் தலைக்கு வந்தது.

பனங்காட்டின் நடுவில் வந்தபோது அவர் கேட்டார்: "ஏலே, அங்க ஆரெல்லாம் இருந்தாவ?"

"ஆரும் இல்லண்ணே."

அவர் நடையைக் குறைத்தார். "பெறவு விரலைக் கெட்டுனது ஆரு?"

நான் பார்த்தபோது திரியும் பாதிகூட எரிந்திருக்கவில்லை, அப்போதுதான் ஏற்றியது. ஏற்றியது யார்? பெட்டி தலையில் இருந்ததால் ஓடவும் வழியில்லை. சூசையண்ணன் செபம் சொல்லத் தொடங்கினார், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முற்றத்தில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டில் காலி. திரிகள் அணைந்திருந்தன. இரண்டு துணித்துண்டுகளும் தலையணைமேல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"ஆருக்க மணி மக்கா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். வெள்ளைச் சேலையோடு, அவிழ்ந்த முடி காற்றில் பறக்க, பெரியம்மா நின்றிருந்தாள். ஒரு சத்தம் கேட்டது, நான்தான் போட்டேன் என்று சூசையண்ணன் பிற்பாடு சொன்னார். கால் தடுக்கிப் பொதுப்பெட்டிக்குள் மல்லாந்து விழுந்தேன். அளவு சரியாக இருந்தது.

"பொம்பளைக்க மணியில்லா அடிச்சாவ" என்றபடி, யாரோ செத்தவளுக்காகச் செபம் சொல்ல மணலில் முழந்தாளிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன் மக்கா அதுல கெடக்க?" என்றாள்.

அந்த நேரத்தில்தான் ஊர் வந்து சேர்ந்தது. சாமியார், வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள், சந்தையிலிருந்து பாதியில் திரும்பிய பெண்கள், எல்லாரும். செத்தவள் செபம் செய்கிறாள், செய்தி சொன்னவன் பெட்டியில் கிடக்கிறான்.

சாமியார் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. முந்தின வருஷம் பக்கத்து ஊரில் தனியாக இருந்த ஒருத்தி செத்து, இரண்டு நாள் யாரும் பார்க்காமல் கிடந்தாளாம். வாய் திறந்தபடியே விறைத்துப்போனதாம். "ராத்திரி ஊருக்குள்ள இருந்து ஒருத்தி தொணைக்கு வந்து படுப்பா. பகலுக்கு எனக்கு ஆரு உண்டு சாமி? உறங்குனா எழும்புவனான்னு தெரியாது. அதான் திரியும் கொளுத்தி, எல்லாம் நானே கெட்டி ஒதுக்கிட்டுப் படுக்கது. வாறவங்களுக்குச் சோலி வைக்கப்படாதுல்லா." மணிச் சத்தத்தில் விழித்து, கட்டை அவிழ்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் முகம் கழுவப் போயிருக்கிறாள்.

பிறகு கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இம்புட்டு பேரும் எனக்கா வந்திய?" என்றாள். "நாலு பேரு தூக்க வருவாவளான்னு நெனச்சிட்டுக் கெடந்தேன்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் பெட்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் என்று ஊர் நினைத்தது, பாதி உண்மை.

சாமியார் எனக்குத் தண்டனை கொடுத்தார். தினமும் உச்சிக்கு வந்து, அவள் தூங்கி எழும்பும்வரை வாசலில் உட்கார வேண்டும். மறுநாள் திரி இல்லை. அதற்கு அடுத்த நாள் தாடைக்கட்டு இல்லை. விரல்கட்டை மட்டும் விடவில்லை. கேட்டால், "நீ வராம போனா?" என்பாள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தேன். பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்க, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எதற்கு ஆவேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்து வருஷம் போனேன். அவள் உண்மையாகவே இறந்த மத்தியானமும் பக்கத்தில் இருந்தேன். சூசையண்ணனை மணியடிக்க விடவில்லை. மூக்கில் கோழியிறகு வைத்தேன், பாதத்தைத் தேய்த்தேன், காதில் கத்தினேன். சாயங்காலம் சாமியார் வந்து என் கையைப் பிடித்து விலக்கினார். பெருவிரல்களை நானே கட்டினேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் மத்தியானம் அயர்ந்தாலும் போய் மூச்சுப் பார்த்துவிட்டு வருவேன். என் மனைவி கண்ணைத் திறக்காமலே சொல்லுவாள்: "உண்டு. பெட்டி எடுக்கண்டாம்."