சனிக்கிழமைக்குள் சூடாக வேண்டிய வீடு

மதிப்புக்குரிய எர்சிலியா அக்காவுக்கு,

உங்கள் தங்கை கணவன் ஒத்தொரினோ பணிவோடு எழுதுவது. இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு நீவெஸ் ஊன்றுகோலோடு நடக்கிறாள், ஆஸ்பத்திரி சூப்பில் உப்பில்லை என்று திட்டுகிறாள், ஆகவே நலம். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "அந்த மலைமேல ஐஸ் பெட்டிக்குள்ள என் தங்கச்சியக் கொண்டுபோய் வைக்காதப்பா, வசந்தம் வரைக்கும் உதினேயில என் ஃபிளாட்லயே இருக்கட்டும், இங்க கட்டடம் முழுக்க ஹீட்டர்" என்று நீங்கள் போனில் சொன்னது அன்பினால்தான். ஆனால் அவளைக் கூட்டிப்போக நீங்கள் காரை எடுக்க வேண்டாம். எங்கள் வீடும் சூடாகிவிட்டது. எப்படி என்பதை நானே சொல்லிவிடுகிறேன், ஊரார் வேறு மாதிரி சொல்வார்கள்.

கோடையில் நீவெஸ் பழைய விறகு அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெல்லட் கணப்பு வாங்கினாள் அல்லவா. மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சிகளை மேல் தொட்டியில் கொட்டினால், உள்ளே ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்தில் தள்ளும், மனுஷன் சும்மா உட்கார்ந்தால் போதும். எனக்கு அதுதான் வராது. விறகைக் கிளறியே வளர்ந்த கை. கதவைத் திறந்து கிளறினேன், அது அலாரம் போட்டுக் கத்திவிட்டு அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி கிளறினேன், மறுபடி கத்தியது. பக்கத்து வீட்டு ஜில்தோ ஒயின் கிளாஸோடு வந்து பார்த்துவிட்டு, "அத விடுய்யா, அதுக்கு உன் மூஞ்சியே பிடிக்கல. சாம்பல் அடைச்சிருக்கும், எடு" என்றான். ஆறின சாம்பல்தானே என்று நீவெஸின் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினேன். ஆறாத கங்கு ஒன்று உள்ளே போய்விட்டது. அது புகைவிட ஆரம்பித்ததும் பயத்தில் ஜன்னல் வழியே வீசினேன், ஜில்தோவின் முட்டைக்கோஸ் பாத்தியில் போய் விழுந்தது. அவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீவெஸிடம் ஈஸ்டர் வாக்கில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு அவளுடைய பின்னல் ஊசியால் தீக்கிண்ணத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் துடைத்து ஏற்றினேன். கொஞ்சம் எரிந்து அணைந்தது. தொட்டி நிறையக் குச்சி, கீழே ஒன்றுகூட இறங்கவில்லை. பாட்டிலில் ஆலிவ் எண்ணெய் உறைந்துவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா, உண்மையாகவே பயந்துவிட்டேன். வசந்தம் வரைக்கும் அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன், பொலெந்தாக் கூழ் கிண்டும் கரண்டியால் குச்சிகளையெல்லாம் அள்ளி வாளியில் போட்டேன், அடியில் கையை விட்டுத் துழாவினேன். திருகின் பல்லிடுக்கில் செஸ்ட்நட் கொட்டைத் தோல். சான் மார்த்தினோ திருநாளன்று ஜில்தோ வறுத்துக் கொண்டுவந்ததை இங்கே உட்கார்ந்துதான் தின்றோம். செஸ்ட்நட் தோலைத் தீயில்தான் போட வேண்டும், எங்கள் பள்ளத்தாக்கில் குப்பையில் போடுகிறவன் எவனும் இல்லை. கதவைத் திறந்தால் இது கத்துகிறதே என்று, மேல் மூடியைத் திறந்து தோலையெல்லாம் தொட்டிக்குள் போட்டோம். அதுவும் மரத்தில் காய்த்ததுதானே.

எல்லாவற்றையும் நோண்டி எடுத்தேன். இப்போது குச்சிகள் இறங்குகின்றன, தீ நிற்கிறது, நான் வெறும் சட்டையோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளால் படியேற முடியாது என்று கட்டிலைக்கூடச் சமையலறைக்கு இறக்கிவிட்டேன். உங்கள் மூட்டுவலி தணியட்டும், உங்கள் ஃபிளாட்டில் நீங்கள் ஒருவராகவே நிம்மதியாக நீண்டகாலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

ஒத்தொரினோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நீவெஸுக்குப் போனில் படித்துக் காட்டினேன், வாக்குவத்தை மட்டும் விட்டுவிட்டு. ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, "அக்கா வீட்டுக் கட்டடத்துல பாய்லர் உடைஞ்சு வாரக்கணக்காச்சு, தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குறா, நேத்துதான் வாய்தவறிச் சொன்னா. அவளையும் கூப்பிடுய்யா" என்றாள். ஆகவே அக்கா, சனிக்கிழமை காரை அவசியம் எடுங்கள், நீவெஸை ஏற்றிக்கொண்டு நீங்களும் மேலே வந்துவிடுங்கள். வசந்தம் வரைக்கும் மாடி அறை உங்களுக்கு. வேறெதுவும் கொண்டுவர வேண்டாம், உங்கள் வாக்குவம் கிளீனரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.