குண்டும் துளைக்காத சட்டை பற்றி ஒரு மறுப்பு

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும், பத்திரிகையை அச்சிடுபவர்களும், அதைக் கடை கடையாகச் சுமந்து வந்து வைத்துவிட்டுப் போகும் அன்பரும் தேகசுகத்துடன் இருக்க வேண்டுமென்று விரும்பி இதை எழுதுகிறேன். நானும் மனைவி ஜெகதீஸ்வரியும் மகள் நிரோஜினியும் பாரிஸுக்குப் பக்கத்து லெ பிளாங்-மெனிலில் நலமே. என் நெஞ்சில் சில சிறு கொப்புளங்கள் உண்டு. அவை தங்கள் பத்திரிகையால் வந்தவை அல்ல என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

என்னைத் தாங்கள் அறிவீர்கள். பெயர் யோகநாதன். லா ஷாப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்குத் தொங்கலில் உள்ள உணவகத்தில் இருபத்தாறு வருடமாக வடை சுடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் இரண்டு உழுந்து வடை வாங்கிச் சம்பல் கூடப் போடச் சொல்வீர்களே, அந்தச் சம்பல் போடுகிற கை என்னுடையது. தங்கள் சென்ற மாத இதழின் ஐந்தாம் பக்கத்தில் 'குண்டும் துளைக்காத சட்டை! பாரிஸ் தமிழ்ப் பெண் சாதனை' என்று ஒரு செய்தி வந்தது. செய்தியோடு ஒரு படமும் வந்தது. படத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பவன் நான். படத்தின் கீழே 'பொறியியலாளர் செல்வி நிரோஜினி' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு மீசை இருக்கிறது ஐயா. அதையாவது கவனித்திருக்கலாம்.

அந்தச் சட்டை குண்டைத் தடுக்காது. அது சமையல்காரருக்கான சட்டை. என் மகள் ஒரு துணி ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று வருடமாக இதையேதான் செய்கிறாள். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு துணி, உள்ளே மூன்று. மேலே உள்ளது நெருக்கமாக நெய்தது. அதில் எண்ணெயோ தண்ணீரோ பட்டால் சேம்பிலையில் பட்டதுபோல் உருண்டு விழும். கீழே உடம்போடு படுவது பஞ்சு மாதிரி. அது வியர்வையை இழுத்து எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் பால் ஏட்டை விட மெல்லிய ஒரு படலம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஆவி போகும், துளி போகாது. ஆகவே வெளியில் இருந்து கொதிக்கிற எண்ணெய் உள்ளே வராது, உள்ளே இருக்கிற புழுக்கம் வெளியே போய்விடும். 'சட்டை மூச்சு விட வேணும் அப்பா, காப்பாத்துறது மட்டும் காணாது' என்பாள். பாதுகாப்பாக இருந்து மூச்சு முட்டினால் சமையல்காரன் அதைக் கழற்றி எறிந்துவிடுவான் என்பது அவளுடைய கட்சி. உண்மைதான். முதலாளி தந்த தடித்த சட்டைகளை நான் எத்தனை தரம் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பேன்!

அவள் ஏன் இந்த வேலைக்குப் போனாள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவைக் கீறச் சொன்னார்களாம். அவள் கீறிய அப்பாவின் இரண்டு கையிலும் மண்ணிறப் பென்சிலால் நிறையப் புள்ளி. வகுப்பு ரீச்சர் மடம் அவளைக் கூப்பிட்டு, இது என்ன தோல் வருத்தம் என்று கேட்டா. எல்லா அப்பாக்களுக்கும் கையில் இப்படித்தான் இருக்கும் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். எண்ணெய் தெறித்த தழும்புகள் ஐயா. நான் அன்றைக்குச் சிரித்தேன். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை.

சரி, பிழை எங்கே நடந்தது என்று பார்ப்போம். தங்கள் நிருபர் ஸ்ரீபன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. அடுப்படியில் போட்டுச் சோதிக்கச் சொல்லி மகள் தந்த சட்டையோடு நான் நின்றதைப் பார்த்து, 'அண்ணை, புது யூனிபோமோ?' என்று கேட்டார். எவருக்கும் காட்ட மாட்டேன், எவரிடமும் கதைக்க மாட்டேன் என்று ஆராய்ச்சிக்கூடத்தின் நாலு பக்கப் பிரெஞ்சுத் தாளில் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். வாசிக்கவில்லை. மகள் தந்த தாளை எந்த அப்பன் வாசிப்பான்? ஆகவே சொன்னேன். ஒரு கரண்டி எண்ணெயை எடுத்துச் சட்டைக் கையில் ஊற்றியும் காட்டினேன். நெஞ்சில் தட்டி, 'தம்பி, இதை ஒண்டும் துளைக்காது' என்றேன். புகை உறிஞ்சும் விசிறி தலைக்கு மேலே விமானம்போல் இரைந்துகொண்டிருந்தது. நான் 'ஒண்டும்' என்றது அவருடைய காதில் 'குண்டும்' என்று விழுந்துவிட்டது. ஆகப் பிழை விசிறியினுடையது. கொஞ்சம் என்னுடையதும். படம் எடுக்கட்டோ என்று அவர் கேட்டபோது மீசையை நீவிவிட்டவனும் நான்தான்.

இதழ் வெளிவந்த நாளிலிருந்து நான் பட்டதைக் கேளுங்கள். கைத்தொலைபேசிக் கடைக் கீர்த்தனன் தேத்தண்ணி குடிக்க வந்தவர், 'எங்கை பாப்பம்' என்று பேனாவால் என் விலாவில் குத்தினார், நான் துள்ளியதில் வடைமா தட்டோடு கவிழ்ந்தது, அதைத் துடைத்துக்கொண்டிருக்கையில் திரான்சியில் இருந்து காவல் வேலை செய்யும் ஒருவர் தன் அளவுக்கு ஒன்று வேண்டும் என்று அளவுநாடாவோடு வந்து நின்றார், அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் ரொறொன்ரோவில் இருந்து மச்சான் தொலைபேசியில், 'பிள்ளை ஆமிக்கோ வேலை செய்யிறாள்?' என்று அழாக்குறையாய்க் கேட்கிறார், இல்லை மச்சான், வடைச்சட்டிக்கு என்று சொன்னால் நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்கு இன்னும் பயம். ஒருவர் முள்ளுக்கரண்டியோடு எழும்பி வந்தார். அவரைச் சுப்ராயன்தான் இருத்தி வைத்தார். சுப்ராயன் புதுச்சேரிக்காரர், என்னோடு தோசைக்கல்லில் நிற்பவர். 'மொசியே, இது ரெஸ்தொரான், சர்க்கஸ் இல்ல, உக்காருங்க' என்று அவர் அதட்டியிராவிட்டால் நான் இன்று சல்லடை.

வள்ளிநாயகி அக்கா வந்த நாளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தாங்களும் அவவை அறிவீர்கள், கோயில் வேலைகளுக்கு முன்னுக்கு நிற்பவ. வழக்கமாகக் கலகலப்பாகக் கதைக்கிறவ, அன்றைக்குத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தா. இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தா. 'உன்ரை பிள்ளை கெட்டிக்காரி' என்றா. பிறகு, 'இதை ஒரு முப்பது வருசத்துக்கு முந்திச் செய்திருக்கலாம்' என்றா. அவவின் இரண்டு தம்பிமார் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். குண்டு இல்லை அக்கா, எண்ணெய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஓம் அக்கா' என்றேன். அவவுக்கு மட்டும் செய்தி பிழை என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் செய்தி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் போய்விட்டது. யாரோ அதைக் கணினியில் போட்டுப் பிரெஞ்சில் மாற்றி, மகளின் மேலதிகாரி மொசியே ழாக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிரோஜினி இருப்பது சேடேடே என்கிற தற்காலிக ஒப்பந்தத்தில். அது ஆனி மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா இல்லையா என்று யோசிக்கிற நேரத்தில், ரகசியச் சட்டையோடு மீசைக்காரன் ஒருவன் பத்திரிகையில் நிற்கிறான். அன்று அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்றாள்.

'அப்பா, ஆரிட்டைச் சொன்னனீங்கள்?'

'ஒருத்தரிட்டை.'

'ஆர் அந்த ஒருத்தர்?'

'பத்திரிகைக்காரர்.'

அவள் சப்பாத்தோடேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் காலை எர்-எ-எர் புறநகர் ரயிலில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, 'வியாழக்கிழமை ழாக் சட்டையை எடுக்க வாறார். நானும் வருவன். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்' என்றாள். நான் தலையாட்டினேன்.

ஐயா, இந்த இடத்தில் இன்னும் சில உண்மைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டை வந்த முதல் கிழமை பஞ்சுப் பக்கம் அழகாக இருந்ததால் உள்பக்கத்தை வெளியே போட்டேன். எண்ணெய் முழுவதையும் அது குடித்தது. மூன்றாம் கிழமை ஜெகதீஸ்வரி அதை வாசனையான மெதுமையூட்டும் திரவத்தில் கழுவினா. சட்டை ரோசாப்பூப்போல் மணந்தது, எண்ணெய் உருளுவதை நிறுத்திவிட்டது. மகள் திரும்பக் கழுவி, சூடு குறைத்து ஸ்திரிக்கை பிடித்துத்தான் அதை மீட்டாள். மூன்றாவது பிழையை அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை. எனக்கு மூக்குக்கண்ணாடி வைக்க இடமில்லை. எதிர்க்கடைத் தையல்காரரிடம் கொடுத்து நெஞ்சில் ஒரு பொக்கெட் வைப்பித்தேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மொசியே ழாக் நெட்டை மனிதர், சிரிக்காதவர். சமையற்கட்டு வாசலில் நின்று கையை நீட்டினார். நான் சட்டையின் முதல் பொத்தானில் கை வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சுப்ராயன் வடைச்சட்டியை அடுப்பிலிருந்து அப்பால் நகர்த்த, பிடி வழுக்கிவிட்டது. 'அண்ணே! தள்ளுங்க!' என்று அவர் கத்தியது கேட்டது. கொதித்த எண்ணெய் ஒரு பெரிய அகப்பை அளவு எழும்பி என் நெஞ்சிலும் இடது கையிலும் விழுந்தது.

எண்ணெய் சட்டையில் மணிமணியாக உருண்டு நிலத்தில் கொட்டியது. கையில் ஒன்றுமில்லை. வெறும் சூடு, வெயிலில் நின்றதுபோல. நான் வெற்றியோடு மொசியே ழாக்கைப் பார்க்கவும் நெஞ்சில் சுள்ளென்று ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியது. 'ஆ' என்றேன். நிரோஜினி பாய்ந்து வந்து சட்டையை உரித்து, என்னைத் தொட்டிக்கு இழுத்துக் குழாய்த் தண்ணீரை நெஞ்சில் பிடித்தாள். இருபது நிமிடம் பிடித்தாள். முதல் ஐந்து நிமிடமும் பிரெஞ்சில் ஏசினாள். பிறகு நெஞ்சைப் பார்த்தாள். இடது பக்கத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், வரிசை தவறாமல், சரியாக ஒரு பொக்கெட்டின் உருவத்தில்.

'அப்பா, பொக்கெட் ஆர் தைச்சது?'

நான் கூரையைப் பார்த்தேன்.

'ஒவ்வொரு ஊசிக் குத்தும் ஒரு ஓட்டை அப்பா! நடுப்படலத்தை ஓட்டை போட்டிருக்கிறியள்!' என்று சொல்லிக்கொண்டே போனவள் திடீரென்று நிறுத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். என் கையை, புள்ளி ஏதும் புதிதாக வராத இடது கையை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மொசியே ழாக் அருகே வந்து, குனிந்து, மூக்கு நெஞ்சில் முட்டுமளவுக்குப் பார்த்து, 'மன்யிஃபிக்!' என்றார். 'அற்புதம்' என்பது வலியில் நிற்கிற மனிதனிடம் சொல்கிற வார்த்தையா? அவருடைய கணக்கு இதுதான்: நாலு மாதம் உண்மையான அடுப்படியில், உள்வெளி மாறி, ரோசா மணத்தில் ஊறிய பிறகும் துணி தாங்கியிருக்கிறது. தாங்காத இடம் எது என்பதை என் உடம்பே புள்ளி வைத்துக் காட்டுகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வருடம் முயன்றாலும் இப்படி ஒரு சோதனை செய்ய அனுமதி கிடைக்காதாம். அனுமதி கேட்டு என் நெஞ்சைப் படம் எடுத்தார். இம்முறை மீசை வரவில்லை.

மருந்துக்கடைக்காரி களிம்பு தந்தா, தழும்பும் நிற்காது என்றா. மகளின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டுவிட்டது. பத்துச் சமையற்கட்டுகளில் சட்டையைப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். பொக்கெட்டும் வரும், தையலுக்கு மேல் சூட்டில் ஒட்டுகிற நாடாவோடு. அந்த யோசனையைத் தந்தவர் என்று அறிக்கையில் என் பெயரையும் போட்டிருக்கிறாள். 'யோசனை' என்பது அவளுடைய சொல். அவளும் நானும் இப்போது நன்றாகக் கதைக்கிறோம்.

ஆகையால் ஆசிரியர் ஐயா, என் மகள் செய்தது குண்டுக்கான சட்டை அல்ல, மூச்சு விடுகிற மூன்றடுக்குச் சமையற்சட்டை என்ற இந்த விளக்கத்தை ஒரு சொல்லும் குறைக்காமல், அதே ஐந்தாம் பக்கத்தில், அவளுடைய சொந்தப் படத்தோடு வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை மாதம் தவறாமல் வரவும், தங்கள் கண்பார்வை எழுத்துக்களை எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருக்கவும், ஸ்ரீபன் தம்பியின் செவி நன்றாக இருக்கவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள வாசகன்
யோகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நிரோஜினி வந்து கடிதத்தை வாசித்தாள். குண்டுச் செய்தியால் நிறுவனத்துக்கு ஒரு கெடுதியும் இல்லையாம், அதை நம்பி எவரும் எதையும் களவெடுக்க முடியாதாம். ஆனால் எத்தனை அடுக்கு, நடுவில் என்ன, எப்படிக் கழுவினால் கெடும், தையலை எதால் மூட வேண்டும் என்று ஆராய்ச்சிக்கூடம் மூன்று வருடம் பூட்டி வைத்த எல்லாவற்றையும் நான் இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேனாம். ஆகவே மறுப்பு எதுவும் வெளியிட வேண்டாம். தங்கள் செய்தி முற்றிலும் சரி. கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போயிருக்கிறாள். இவ்வளவு பக்கம் எழுதியபின் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆதலால் அனுப்புகிறேன். தயவுசெய்து வாசிக்காதீர்கள்.