ஓர் இம்மியும் குறையவில்லை

வாசகரே, நீங்கள் சாட்சி. நான் வாதாட வரவில்லை. மேடையேறப் பழகிய நாள்முதல் எதிர்வாதம் இல்லாமல் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே குற்றம் இது என்பதால், சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த ஆண்டு. விவாதப் போட்டிகளில் மூன்று கிண்ணங்கள் வென்ற இளைஞன் நான். (ஒன்றுக்குக் கைபிடி இல்லை, என் தலைக்கனத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை.) என் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, கல்முனையில் யூனானி மருந்துச்சாலை நடத்திவந்தார். அவருடைய லேகியம் ஒன்றில் கஞ்சா இலை சேரும். அதற்கு அரசாங்க அனுமதிப்பத்திரம் உண்டு. இலை இருக்கும் அலுமாரிக்கு இரட்டைப் பூட்டு உண்டு. நிறுத்து எழுதப் பதிவேடும் உண்டு. பழைய கட்டடத்தைச் சுனாமி கொண்டுபோனபின் மிகுந்த அலைச்சலுக்குப் பிறகு மீண்டும் கிடைத்த அனுமதி அது.

இலையை நிறுத்து எழுதியவர் மருதமுனை றஹீமா ராத்தா, எங்கள் எல்லாருக்கும் அக்கா. கணவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு இந்த வேலையை நம்பி இருந்தவர்.

"வாற கிழமை இலைக் கணக்குப் பாக்கக் கொழும்பில இருந்து அதிகாரி வாராராம்," என்றார் சாச்சா. "நம்மட ஆக்கள் பயத்தில வாயடைச்சிப் போவாங்க. நீ கொஞ்சம் கதைக்கப் பழக்கி உடு மனே."

கொஞ்சமாகச் செய்வது என் இயல்பில் இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் மூன்று நாட்கள் பயிற்சி நடத்தினேன். கவிழ்த்த கஷாயப் பீப்பா மேடையானது. வரப்போகும் அதிகாரிக்கு 'எதிரணி' என்று பெயரிட்டேன். மருந்து இடிக்கும், எல்லாருக்கும் அண்ணனான இஸ்மாயில் காக்காவுக்கு முன்னுரை, றஹீமா ராத்தாவுக்குத் தொகுப்புரை.

"இலை குறைகிறதா என்று எதிரணி கேட்டால், ஓர் இம்மியும் குறையவில்லை என்று முழங்க வேண்டும்!"

ராத்தா தயங்கினார். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த மாதம். "கச்சானுக்கு இலை காயும் மனே. காஞ்சா நிறை குறையத்தானே செய்யும்? நான் அத உள்ளபடி செல்லுறனே."

"'குறையும்' என்ற சொல்லை நாமே எதிரணியின் கையில் கொடுப்பதா, ராத்தா? அத்தோடு தோற்றோம்!"

"படிச்ச புள்ள நீங்க. செல்றது சரியாத்தான் இரிக்கும்," என்று அவர் பாடமாக்கத் தொடங்கினார். அந்த நம்பிக்கையை அன்று நான் நான்காவது கிண்ணமாக எடுத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், சாந்தமான தமிழ். "அலுமாரிச் சாவி யாரிட்ட?" என்றுதான் கேட்டார்.

இஸ்மாயில் காக்கா எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். "சபைத் தலைவர் அவர்களே! நடுநிலை தவறாத நடுவர் அவர்களே!"

அதிகாரி திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு கடுக்காய்ச் சாக்கு மட்டும் இருந்தது.

"சாவி என்பது வெறும் இரும்பா? இல்லை! அது நம்பிக்கையின்..." நம்பிக்கையின் என்ன என்பது காக்காவுக்கு மறந்துபோயிற்று.

"நல்லது. அது இப்ப எங்க?"

"மடியில இரிக்கி சேர்."

(முழுப் பயிற்சியிலும் பயன்பட்ட ஒரே விடை, அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.)

பிறகு இலை தராசில் ஏறியது. பதிவேட்டில் இருந்ததைவிட முப்பது கிராம் குறைவு.

"ஏனம்மா குறையுது?"

ராத்தா என்னைப் பார்த்தார். விடை அவருக்குத் தெரியும். கதவருகே நின்ற நானோ, தொகுப்புரைக்கான சைகையாகக் கையை உயர்த்தினேன்.

"ஓர் இம்மியும் குறையவில்லை!"

"தராசு குறையுதெண்டு காட்டுதே, அம்மா."

"ஓர் இம்மியும் குறையவில்லை!"

"அப்ப மிச்சத்த எடுத்தது யாரு?"

அந்தக் கேள்விக்கு நான் விடை எழுதியிருக்கவில்லை. சாச்சா ஓடிவந்து காற்றையும் காய்தலையும் விளக்கினார். "இத அவங்களே முதல்ல சொல்லியிருக்கலாமே," என்றார் அதிகாரி. அலுமாரிக்குச் சீல் விழுந்தது. விசாரணை முடியும்வரை ராத்தா வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவாயிற்று.

இரண்டு மாதம் ஆயிற்று, காற்றில் காய்ந்ததுதான் என்று எழுத்தில் வர. ராத்தா திரும்பி வந்தார். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஸுபஹுத் தொழுகைக்கு முன் இருட்டிலேயே எழுந்து இடியப்பம் அவித்து விற்றே பிள்ளைகளைப் பார்த்தார். 'இலை களவெடுத்தவள்' என்று அவர் காதுபடவே கதைத்தவர்களும் இருந்தார்கள்.

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில், சகன் என்னும் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து யாராவது "கறியில உப்புக் குறைவோ?" என்று கேட்டால், இன்றும் நாலு பக்கத்திலிருந்தும் குரல் எழும்: "ஓர் இம்மியும் குறையவில்லை, நடுவர் அவர்களே!" நானும் சிரிக்கிறேன். உப்புக் குறைந்திருந்தால் உள்ளபடி சொல்வதும் இப்போது நான்தான்.

சீல் வைத்த அன்று மாலையே மருதமுனைக்குச் சைக்கிள் மிதித்தேன். ராத்தாவின் வாசல் படலையடியில் நின்று, "மன்னிப்பு என்பது மானுடத்தின்..." என்று தொடங்கினேன்.

"பீப்பாவில இருந்து இறங்குங்க மனே," என்றார் அவர். கண் சிவந்திருந்தது. "செல்ல வந்தத நேராச் செல்லுங்க."

எனக்கு எழுதி வைக்காமல் பேசிப் பழக்கமில்லை.

"ராத்தா, பிழை என்னில. இனி ஒருத்தர்ட வாயிலயும் என்ட பேச்ச வைக்க மாட்டன். நாளைக்கே அந்த அதிகாரிட்டப் போய், நான்தான் உங்கள உண்மையச் செல்ல உடல்ல எண்டு செல்லுவன்."