பை வைக்காத பேன்ட்

மாதிரிக்குத் தைத்து அனுப்பிய நாற்பது பேன்ட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. கார்மேகம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

துபாய்க்குப் பக்கத்திலிருக்கும் ராஸ் அல் கைமாவுக்குச் சூதாட்ட விடுதி வருகிறது என்று பேச்சு கிளம்பியதுமே அவருடைய தையல்கடை வாடகை ஒன்றரை மடங்காகிவிட்டது. அங்கே இன்னும் ஒருவர்கூடச் சீட்டைத் தொடவில்லை. அதற்குள் கார்மேகம் தோற்க ஆரம்பித்திருந்தார். அந்த விடுதியின் சீருடை ஆர்டரும் கைநழுவினால் கடையை மூடவேண்டியதுதான்.

"பேன்ட்ல பை இருக்கே மாஸ்டர்," என்றார் அந்த ஆர்டரைப் பிடித்துத் தந்த ஏஜென்ட் முரளிதரன்.

"பை இல்லாம பேன்ட்டா? ஆர்டர் தாள்ல எழுத விட்டுப்போச்சுன்னு நானே வச்சேன்யா."

"விட்டுப்போகல. வேணாம்னுதான் எழுதல. பிரிச்சுடுங்க."

துணியை மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று கார்மேகம் நினைத்தார். பக்கத்துப் பைகளைப் பிரித்தார். ஆனாலும் போடப்போகிற பிள்ளைகள் பாவம் என்று, இடுப்புப் பட்டிக்குள்ளே யார் கண்ணிலும் படாத ஒரு சின்னப் பையைத் தன் செலவிலேயே வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் முரளிதரன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"திருட்டுப் பை வச்சிருக்கேன்னு செக்யூரிட்டில என்னை ஒரு மணி நேரம் உக்கார வச்சிட்டாங்க மாஸ்டர்!"

"திருட்டுப் பையா?"

"மேசையில பணத்துக்குப் பதிலா வில்லை வச்சு ஆடுவாங்க. அதை வேலைக்காரங்க சுருட்டிடக் கூடாதுல்ல? அதான் பையே கூடாது. இதான் கடைசி சான்ஸ். இன்னைக்கே பிரிச்சுக் குடுத்தா இன்னும் எண்ணூறு பேன்ட் உங்களுக்கு."

கார்மேகத்துக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. ஊரான் பையைக் காலி பண்ணக் கடை விரிக்கிறவன், வேலைக்காரன் பையைப் பார்த்துப் பயப்படுகிறானா?

"தைக்க மாட்டேன்! உழைக்கிறவனைத் திருடனாப் பாக்குறவனுக்கு என் கடையில ஊசி ஓடாது. கடையை மூடினாலும் சரி!"

"எண்ணூறு பேன்ட் மாஸ்டர்..."

"எட்டாயிரமா இருந்தாலும் மாஃபி, கெடையாது! மூட்டையைத் தூக்கிட்டு யல்லா, கெளம்பு!"

முரளிதரன் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஏழு மிஷின்களும் நின்றன. தையல்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். பிழைப்பே போய்விட்டதே என்ற பயத்தையும் மீறி கார்மேகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பதினொரு வருடமாக அங்கே வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் மஹ்மூது, கத்தரிக்கோலை வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"ரொம்பச் சந்தோசம் மொதலாளி. அப்ப தெனமும் டூட்டி முடிஞ்சு போறப்ப, பட்டனு எடுத்துருக்கோமான்னு வாசல்ல நின்னு எங்க பையைத் தடவிப் பாக்குறீங்களே, அதையும் நிறுத்திடுவீங்கல்ல?"