மாலை போட்ட மாமாவுக்குப் பட்டைக் கேக்

குக்கருக்குள் கேக் அழகாக எழும்பி, ஓரம் பிரிந்து, பொன்னிறமாக நின்றது. வினோத்ராஜின் வாழ்க்கையில் எதுவும் முதல் தடவையிலேயே சரியாக வந்ததில்லை. அதனால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் பயப்பட்டான்.

பின்னால் வந்து நின்ற அவன் அம்மா சங்கிலியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல முட்டை போட்டியாடா?"

"முட்டை இல்லாம கேக் எப்பிடிம்மா எந்திரிக்கும்? தாராளமாப் போட்டிருக்கேன்."

"அடப் பாவி! மாமா மாலை போட்டிருக்காகல்லடா!"

வினோத்ராஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். கார்த்திகை பிறந்ததிலிருந்து அனுமந்தன்பட்டி வழியாகச் சபரிமலை வண்டிகள் இரவும் பகலும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வாசலில் நின்றால் கறுப்பு வேட்டிதான் கண்ணில் படுகிறது. ஆனாலும் தன் தாய்மாமன் சுருளியும் மாலை போட்டிருப்பார், அவருக்கு முட்டை ஆகாது என்பது அந்த மரமண்டையில் ஏறவில்லை.

"அதுவும் இந்தக் குக்கர்லயா செஞ்ச? போன வாரம் கோழி வெந்த குக்கருல்ல இது!"

சங்கிலியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சுருளி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தேவதானப்பட்டியிலிருந்து அவரும் அவர் மனைவி சொர்ணலதாவும் அன்று சாயங்காலம் வருகிறார்கள். வெறுமனே வரவில்லை. 'நல்ல காரியம் ஒண்ணு பேசணும்க்கா, மாப்ளையத் தோட்டத்துக்குப் போக விடாம வீட்டுல இருக்கச் சொல்லு' என்று போனில் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

வினோத்ராஜுக்கு வயது முப்பத்தாறு. பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, சீக்கு சிரங்கு எதுவும் இல்லை. பெண்தான் கிடைக்கவில்லை. பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் மரியாதையாக உட்கார வைத்து, 'மாப்பிள்ளைக்கு என்ன வேலை?' என்று கேட்டார்கள். தோட்டம் என்றால், 'அது சரி, வேலை என்ன?' என்று மறுபடியும் கேட்டார்கள். கடைசியாகப் போன வீட்டில் பெண்ணின் அப்பா அவனிடம் மருந்தடிக்கிற விவரமெல்லாம் துருவித் துருவிக் கேட்டார். ஆசையோடு எல்லாம் சொன்னான். பெண்ணை ஒரு கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, இப்போதும் அவர் திராட்சைக்குச் செவட்டை நோய் விழுந்தால் இவனுக்குத்தான் போன் செய்கிறார்.

அந்த நிலைமையில்தான் திரிஷாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. சுருளி மாமாவின் மகள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். முறைப்பெண். சின்ன வயதிலிருந்தே வினோத்ராஜுக்கு அவள்மேல் ஆசை உண்டு. அவள் படிக்கப் படிக்க, அந்த ஆசையை அவன் வெளியே எடுக்காமலே வைத்துக்கொண்டான். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் போக்குவரத்தாக இருக்கிற ஒரே மாமன் வீடும் போய்விடுமே என்ற பயம்.

அவள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அடுக்கு அடுக்காகக் கேக், நடுவில் பட்டைத்தூளும் சீனியும், மேலே வெள்ளைவெளேரென்று கிரீம் பூச்சு. கீழே எழுதியிருந்தாள்: 'மச்சான், இந்தக் கேக்க எப்பிடியாச்சும் கத்துக்கணும்னு இருக்கேன். நல்ல பட்டையாப் பாத்து அப்பாகிட்டக் குடுத்து விடுங்க.'

அதற்கடுத்து இன்னொன்று: 'அப்பா என்ன கேட்டாலும் மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீக மச்சான். என் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு.'

இதைப் படித்தபோது வினோத்ராஜ் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் தோட்டத்துத் தண்ணீர் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போனது.

பட்டை என்ன பட்டை, கேக்கையே செய்து கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று அவன்தான் முடிவெடுத்தான். அந்த முடிவுதான் இப்போது அடுப்பில் இருக்கிறது.

"அழுது என்னம்மா ஆகப் போகுது? புதுப் பாத்திரம் வாங்கி, முட்டை இல்லாம இன்னொண்ணு செஞ்சிருவோம்" என்றான்.

"அப்ப இத என்ன பண்ண?"

அதற்குப் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியே பதிலாக வந்து நின்றாள். வாசனை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னக்கா, வீடே மணக்குது?"

சங்கிலியம்மாள் கேக்கைத் தூக்கி அப்படியே அவளிடம் கொடுத்தாள். கேக்கோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"ஒண்ணுமில்ல முத்துப்பேச்சி. தம்பியும் அவன் பொண்டாட்டியும் வர்றாக. திரிஷா விஷயமா. யாருகிட்டயும் சொல்லிராத."

வினோத்ராஜ் உத்தமபாளையத்துக்குப் பைக்கை எடுத்தபோது தெருமுனை டீக்கடையில் ஒருவர் கையைத் தூக்கினார். "என்ன வினோத்து, மாமன் மகளே வீடு தேடி வருதாம்ல! எப்பப்பா சாப்பாடு?"

அடுத்த முக்கில் இன்னொருவர். அதற்கடுத்து, பேசியே பல காலமான பெரியப்பா மகன் வண்டியை மறித்து நிறுத்திக் கைகொடுத்தான். இதுவரை கல்யாணம் தட்டிப் போனதெல்லாம் வீட்டோடு போனது. இது தட்டிப் போனால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

எவர்சில்வர் சட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அடியில் மணலைப் பரப்பிச் சூடு ஏற்றினான். முட்டைக்குப் பதிலாகத் தயிர். ஆப்பச் சோடா போட்டான். அவன் தட்டு எடுக்கப் போன நேரத்தில், பிள்ளை மறந்திருப்பான் என்று சங்கிலியம்மாளும் ஒரு கை போட்டாள்.

மாவு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"பாத்தியா, முட்டையே வேண்டாம்னேன்ல!" என்று சங்கிலியம்மாள் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அது பொசுக்கென்று உள்ளே விழுந்துவிட்டது. நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். அத்தோடு என்னவோ ஒரு தீய்ந்த வாடையும் வந்தது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை யாரும் பிய்க்கவில்லை.

"இது கீழ் அடுக்கா இருக்கட்டும். மேல் அடுக்கு நல்லா வந்துட்டா மறைஞ்சிரும்" என்றான் வினோத்ராஜ். அவன் குரலே அவனுக்கு நம்பிக்கை தரவில்லை.

மேல் அடுக்குக்குச் சோடா போடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, அம்மாவை மிக்சியில் பட்டை அரைக்க அனுப்பினான். மெல்லிசுப் பாத்திரம், அடி கருகி, மேலே வேகாமல் வந்தது. திருப்பிப் போட்டு வேக வைத்தான். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கருகியது.

அதற்குள் பட்டை வாசம் வீட்டை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

"ஏக்கா!" முத்துப்பேச்சி சுவருக்கு அங்கிட்டிருந்து கத்தினாள். "மாலை போட்ட சாமி வர்ற வீட்டுல பிரியாணியா ஆக்குறீக?"

"கேக்குடி! கேக்கு!"

"கேக்குல எதுக்குக்கா பட்டை? கிராம்பும் போட்டாச்சா?"

சங்கிலியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலே, தம்பி வந்து மூக்க மூடிக்கிட்டு வாசலோட திரும்பிட்டான்னா என்னடா பண்றது? ஒன்னப் பெத்ததுலருந்து நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் இந்தப் பட்டையால போயிருமா?"

"அழாதம்மா. பூச்சு இருக்கு. பூச்சுப் பூசிட்டா ஒண்ணும் தெரியாது."

வெண்ணெயையும் பொடித்த சீனியையும் கிண்ணத்தில் போட்டு, மோர் கடையும் மத்தால் கடைந்தான். வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே செய்தாள். இவனுக்குத் தோள்பட்டை கழன்றது. ஒருவழியாகத் திரண்டு வந்ததும் பிரிட்ஜில் வைத்தான். வைத்த கையோடு கரண்டு போனது.

திரும்ப எடுத்தபோது அது பாலாக ஓடியது.

"சீனிய இன்னும் அள்ளிப் போடு" என்றாள் சங்கிலியம்மாள்.

போட்டான். ஓட்டம் நிற்கவில்லை.

"நில்லு" என்று அவளே உள்ளே போய் அரிசி மாவை எடுத்து வந்து, அவன் தடுப்பதற்குள் கொட்டிவிட்டாள். நன்றாக இறுகியது. ரொம்பவே இறுகியது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

வினோத்ராஜ் கீழ் அடுக்கை வைத்தான். பள்ளம் நிறையப் பட்டைச்சீனியைக் கொட்டினான். கருகிய அடுக்கை மேலே ஏற்றினான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாமி மாடத்திலிருந்து ஊதுபத்திகளை எடுத்து, மருந்தைச் சுரண்டிவிட்டு, குச்சிகளைக் குத்தி நிறுத்தினான். பிறகு சுவருக்கு வெள்ளையடிப்பது போல வெள்ளைப் பூச்சைச் சுற்றிலும் அப்பினான். எட்டி நின்று பார்த்தான். இதைப் பார்த்தபிறகும் ஒருவர் பெண் கொடுத்தால் அவர் மனிதர் இல்லை, தெய்வம் என்று தோன்றியது.

வாசலில் கார் வந்து நின்றது.

"வாங்க சாமி, வாங்க" என்று சங்கிலியம்மாள், மூக்குச் சிந்திவிட்டு வளர்த்த தம்பியை இரண்டு கையாலும் கும்பிட்டு வரவேற்றாள். "வாத்தா சொர்ணம்."

சுருளி கறுப்பு வேட்டியும் தாடியுமாக உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. வினோத்ராஜைக் கண்டதும் பார்வையைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டார். சொர்ணலதாவின் கையில் ஒரு பெரிய கூடை, மேலே துணி மூடியிருந்தது. இரண்டு பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். சுருளி மழையைப் பற்றிப் பேசினார். திராட்சை விலையைப் பற்றிப் பேசினார். பெண்ணைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

சங்கிலியம்மாள் கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எதுக்குக்கா? நான் வெளியில எதுவும் சாப்புடுறதில்ல."

"சத்தியமா முட்டை இல்ல சாமி. பாத்திரம்கூடப் புதுசு, வேணும்னா மோந்து பாருங்க, ஸ்டிக்கர் வாடைகூடப் போகல. திரிஷா ஆசைப்பட்டுச்சுன்னு இவனே ஒத்தையில நின்னு செஞ்சான்."

சுருளியின் கண் கலங்கியது. "திரிஷாவுக்காகவா? நீயா மாப்ள?"

"ஆமா மாமா."

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார். வாயிலிருந்து மெதுவாக ஒரு குச்சியை உருவி எடுத்தார்.

"ஊதுபத்திக் குச்சி மாமா. சாஞ்சிராம இருக்கக் குத்தி வச்சேன்."

"இருக்கட்டும் மாப்ள. சுத்தமான சாமான்தான."

சொர்ணலதா அத்தை தன் துண்டைத் தின்று முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே இன்னொரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டாள். வினோத்ராஜுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

சுருளி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். கூடையின் துணியை விலக்கி, ஒரு தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். மேலே மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டியும் துண்டும். சங்கிலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது மாப்ள. வர்ற வழியெல்லாம் இத எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியாமத்தான் வந்தேன். முறைக்காரன் நீ குத்துக்கல்லா இருக்கையில, ஒன் வாயால ஒரு வார்த்தை வராம நான் என் மக கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன முடியுமா? நம்ம வழக்கம் அப்பிடி. நீ சரின்னு சொல்லி இந்தத் தட்ட வாங்கிக்கிட்டாத்தான் மேக்கொண்டு எதுவும். வேணாம்னா சொல்லிரு, இப்பிடியே திரும்பிப் போயிர்றோம்."

"வேணாம்னு யாரு மாமா சொன்னா?" வினோத்ராஜ் தட்டைப் பாய்ந்து வாங்கினான். வாங்கிய வேகத்தில் தேங்காய் உருண்டது. "எனக்குச் சம்மதம் மாமா. முழுச் சம்மதம்."

"மனசாரத்தான் சொல்றியா?"

"மனசார மாமா. என்னைக்கோ எடுத்த முடிவு."

சுருளி பொலபொலவென்று அழுதுவிட்டார். வினோத்ராஜைக் கட்டிக்கொண்டு, "ஒன் மனசு யாருக்குடா வரும்! ஒனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்?" என்று விம்மினார். வினோத்ராஜும் அழுதான். சங்கிலியம்மாளும் அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, அடக்க முடியாமல் குலவை போட்டாள். அவளைக் கேட்டு எதிர்வீட்டிலும் குலவை. தெருவில் யாரோ வெடி கொளுத்தினார்கள்.

குலவைச் சத்தம் ஓய்ந்ததும், சொர்ணலதா அத்தை விரலில் ஒட்டியிருந்த சீனியை நக்கிக்கொண்டு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"மதினி, தை மாசம் நிச்சயத்துக்கும் நம்ம வினோத்தே இதே கேக்கச் செஞ்சு கொண்டாந்துரட்டும், அந்தக் கோயமுத்தூர் மாப்பிள்ளைக்குப் பட்டை போட்ட கேக்குன்னா உசுராம்."